சர்வேயர் அறிக்கையைக் கேட்டு வாங்கிய பிறகு

2025 ஏப்ரல் மாதத்தில் ஓர் இரவு, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் வீட்டின் பின்னறையில், இன்வெர்ட்டர் வைத்திருந்த மூலையிலிருந்து தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி வந்து அணைப்பதற்குள் அந்த அறையும், அதையொட்டிய சமையலறையில் பாதியும் எரிந்துவிட்டன. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. விடிந்ததும் அண்ணாந்து பார்த்தபோது, தளத்தின் காங்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்ந்து உள்ளிருந்த கம்பிகள் வரிசையாகத் தெரிந்தன. வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கியின் கட்டாயத்துக்காக எடுத்த பாலிசி ஒன்று பீரோவில் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தகவல் சொன்னோம். காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும், தீயணைப்பு நிலையத்தில் சான்றிதழும் வாங்கினோம். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் மூன்றாம் நாள் வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனார். அதன் பிறகு இரண்டு மாதங்களுக்கு மேல் எந்தத் தகவலும் இல்லை. நாங்கள் கேட்டது கட்டடத்துக்கும் பொருள்களுக்கும் சேர்த்து 6,55,000 ரூபாய். கடைசியில் வந்த கடிதத்தில் 4,07,000 ரூபாய் என்று மட்டும் இருந்தது. அதனுடன் ‘முழுமையான, இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று அச்சிட்ட வவுச்சர் ஒன்றும் கையெழுத்துக்காக வைக்கப்பட்டிருந்தது.

கிளெய்மை, அதாவது இழப்பீட்டுத் தொகையை, வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் வீடு தேடி வந்து, கிடைக்கும் தொகையில் 20 சதவீதம் கேட்டார். வழக்கறிஞர்கள் இப்படிப் பங்கு பேசி வழக்கெடுப்பதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன என்பதும், அந்த மனிதர் வழக்கறிஞரே அல்ல என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தன. என் நாத்தனார் சொன்னபடி, மஞ்சக்குப்பம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பாலிசி என் பெயரிலும் இருந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது. ‘நமக்கெதற்கு இலவசம்’ என்று என் கணவர் சங்கடப்பட்டார். வீட்டில் பாதி எரிந்து கிடக்கும்போது கௌரவம் பார்க்க எனக்குப் பொறுமையில்லை.

அங்கே எனக்கு ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர் இளம்பெண். நான் கொட்டித் தீர்த்த ஆத்திரத்தை எல்லாம் கேட்டுவிட்டு, “அம்மா, சர்வேயர் அறிக்கை எங்கே?” என்றார். அப்படி ஒன்றைக் கேட்டு வாங்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. எழுத்தில் கேட்டால் அதன் நகலைத் தர வேண்டும் என்று சொல்லி, அங்கேயே நான்கு வரிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வவுச்சரில் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கச் சொன்னார். நெருக்கடியாலோ ஏமாற்றியோ கையெழுத்து வாங்கியிருந்தால் அதன் பிறகும் முறையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் அந்த நெருக்கடியை நிரூபிக்கும் பாடு நம் தலையில் விழும் என்றார்.

அறிக்கை வந்தது, பதினோரு பக்கம். கட்டடச் சேதம் 4,20,000 ரூபாய் என்று சர்வேயரே ஒப்புக்கொண்டிருந்தார். பிறகு, வீட்டின் மதிப்பு 32 லட்சம், காப்பீடு செய்ததோ 24 லட்சம், ஆகவே முக்கால் பங்குதான் தர முடியும் என்று கணக்குப் போட்டு 3,15,000 ஆக்கியிருந்தார். குறைத்துக் காப்பீடு செய்தவருக்கு இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும் பழைய வழக்கம் இது. எங்களுடையதோ, 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டிய ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி. அதில் இந்த விகிதக் குறைப்பே கிடையாது. வழக்கறிஞர் பாலிசிப் புத்தகத்தில் அந்தப் பத்தியைப் பென்சிலால் கட்டம் கட்டி என் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு லட்சத்து ஐயாயிரம் ரூபாய் அந்தப் பத்திக்குள் இருந்தது.

பொருள்களின் கணக்கில் தையல் இயந்திரத்தையும் மர அலமாரியையும், பில் இல்லை என்று சர்வேயர் அடித்துவிட்டிருந்தார். பில்கள் அந்த அலமாரியோடு எரிந்தவை. என் மகளின் சீமந்த வீடியோவைப் பார்க்கும்படி வழக்கறிஞர் சொன்னார். வளையல் அடுக்கும் காட்சியில், உறவினர்களுக்குப் பின்னால் இரண்டும் தெளிவாக நின்றன. எரிந்த சாமான்களைக் காயலான் கடையில் போட்டால் கிடைக்கும் மதிப்பு என்று 18,000 ரூபாய் கழித்திருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எதையும் விற்காமல், கடையில் எடை போட்டு எழுத்தில் விலை மட்டும் வாங்கி வரச் சொன்னார். முதுநகர்க் கடைக்காரர் குளிர்பதனப் பெட்டி உட்பட எல்லாவற்றுக்கும் 3,200 ரூபாய் எழுதிக் கொடுத்தார். தீயணைப்புச் சான்றிதழில் காரணம் ‘மின்கசிவாக இருக்கலாம்’ என்று மட்டுமே இருந்தது என்னை உறுத்தியது. பாலிசிதாரரே தீ வைக்காதவரை, தீ எப்படிப் பிடித்தது என்பது முக்கியமல்ல என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியதைச் சொல்லி அந்தக் கவலையைத் தீர்த்தார்.

எங்கே முறையிடுவது என்பது அடுத்த கேள்வி. கடனும் பாலிசியும் புதுச்சேரிக் கிளையில் எடுத்தவை என்பதால் அங்கேதான் அலைய வேண்டும் என்று நினைத்திருந்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். வழக்கின் மதிப்பைக் கட்டிய பிரீமியத்தை வைத்தே கணக்கிடுவதால் எங்களுக்குக் கட்டணமும் இல்லை. இன்னொரு வழியும் இருந்தது. சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் பொதுவானவர். 50 லட்சம் ரூபாய் வரை அவர் இழப்பீடு வழங்கலாம். அவர் முன் வழக்கறிஞர் ஆஜராக முடியாது. இதைச் சொன்ன வழக்கறிஞரே, “நான் வராமல் நீங்கள் ஜெயிக்கக்கூடிய இடம் அதுதான்” என்று அந்த வழியைக் காட்டினார். அவருடைய நேர்மைக்கு நான் கண்ட சான்று இது. ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது குறைதீர்ப்பாளரிடம் முறையிட முடியாது. ஆனால் அவர் தரும் முடிவு நமக்குத் திருப்தியில்லை என்றால் பிறகு ஆணையத்துக்குப் போகத் தடையில்லை.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதி, ஒரு மாதம் பொறுத்து, திருப்தியான பதில் வராததால் சென்னைக்கு அனுப்பினோம். விசாரணை காணொளியில் நடந்தது. கட்டம் கட்டிய பத்தியை நான் வாசித்துக் காட்டியதும் நிறுவன அதிகாரி தன் கோப்பைப் புரட்டிக்கொண்டே சற்று நேரம் பேசாமல் இருந்தார். இரு தரப்பும் ஒப்புக்கொண்டு முடிவான தொகை 5,64,800 ரூபாய். பாலிசியில் வங்கியின் பெயரும் இருந்ததால், வங்கியிடம் தடையின்மைக் கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகே பணம் எங்கள் கணக்குக்கு வந்தது.

தார்ப்பாய் போட்டு மூடி எட்டு மாதம் கொல்லையில் கிடந்த சாமான்களை எடுக்க அந்த முதுநகர்க் கடைக்காரரை மறுபடி வரச் சொன்னோம். மழையில் துருவேறிவிட்டதாகச் சொல்லி, இந்த முறை 2,900 ரூபாய்தான் தந்தார்.