ராக்கெட்டின் கொதிகலன்

1829 அக்டோபர். லிவர்பூல் அருகே ரெயின்ஹில்லில் நீராவி ரயில் எஞ்சின்களுக்கு ஒரு போட்டி, பரிசு 500 பவுண்டு. முழுச் சோதனையையும் ஓடி முடித்தது ஒன்றே ஒன்றுதான்: ஜார்ஜ், ராபர்ட் ஸ்டீபன்சன் என்ற தந்தை-மகனின் 'ராக்கெட்'. உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 30 மைல்.

எல்லோரும் வேகத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதன் கொதிகலன். அதுவரை பெரும்பாலும் தண்ணீருக்குள் ஒன்றிரண்டு பெரிய குழாய்கள்தான் போகும்; சூட்டில் நிறைய புகைபோக்கி வழியே வீணாகும். ராக்கெட்டில் 25 செப்புக் குழாய்கள். நெருப்பின் சூடு அத்தனைக்குள்ளும் புகுந்து போவதால் தண்ணீரைத் தொடும் பரப்பு பல மடங்கு கூடியது, நீராவி மளமளவென்று வந்தது. அப்புறம், வேலை முடிந்த நீராவியைப் புகைபோக்கிக்குள் பீய்ச்சி விட்டார்கள். அது புகையை இழுக்க, அடுப்புக்குக் காற்று தானாக வந்தது. எஞ்சின் வேகமாக ஓட ஓட நெருப்பும் தானே கனன்றது. என்ன அழகான ஏற்பாடு!

கட்டியவர் ராபர்ட் ஸ்டீபன்சன். பல குழாய் யோசனையைச் சொன்னவர் போட்டியை நடத்திய ரயில் கம்பெனியின் செயலாளர் ஹென்றி பூத். பிரான்சில் பொறியாளர் மார்க் செகனும் தனியாக இதையே செய்திருந்தார். நூறாண்டுக்கு மேல் உலகெங்கும் ஓடிய நீராவி எஞ்சின்கள் பெரும்பாலும் இந்த அமைப்பில்தான் ஓடின. பூத் பெயரையும் பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்பேன்.