பேலீஃப் மாதிரி வீடு: புகைபோக்கியைப் பிடுங்கினேன்

மூன்று வாரமாக பேலீஃப் வீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், சிடிங்ஸ்டோன் பக்கம் இருந்த பண்ணை வீடு. பௌ பீச் நீர்த்தேக்கத்துக்காக அந்த இடத்தை எடுத்தபோது, 1968-69-ல் சட்டம் சட்டமாகப் பிரித்து, சசெக்ஸில் சிங்கிள்டன் என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்தினார்கள். நான் செய்வது அதன் சின்ன மாதிரி, அளவில் 24-ல் ஒரு பங்கு.

போன ஞாயிறு கூரைமேல் செங்கல் புகைபோக்கி ஒன்றை அழகாகச் செய்து ஒட்டினேன். அப்புறம்தான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். அங்கே புகைபோக்கியே இல்லை!

யோசித்தால் அதுதான் நியாயம். நடுக்கூடம் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. மேலே தளம் கிடையாது, தரையிலிருந்து கூரை வரை ஒரே வெளி. தரை நடுவில் நெருப்பு மூட்டுவார்கள். புகை மேலே ஏறி, கூரை இடுக்குகளில் வெளியேறும். 1510 வாக்கில் ஒரு பக்கம் மாடியறையோடு புதுப் பகுதி சேர்த்தபோதும் கூடத்தை அப்படியே விட்டார்கள். புகைபோக்கியெல்லாம் பிற்பாடு வந்தது. அருங்காட்சியகம் வீட்டை 1540 வாக்கில் இருந்த கோலத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே என் புகைபோக்கியும் போனது, கூடவே நாலு ஓடும்.

கூடத்துக் கைமரங்களுக்குக் கரி ஏற்ற வேண்டும் அல்லவா, மெழுகுவர்த்திப் புகையில் காட்டினேன். மூன்று நன்றாகக் கறுத்தன. நாலாவது பற்றிக்கொண்டது.

மூட்டுகள்தான் பெரிய வேலை. இந்த மாதிரி வீடுகளில் ஓக்கைப் பச்சை மரமாகவே இழைத்துவிடுவார்கள். ஒரு மரத்தின் முனையை நாக்குப்போலச் செதுக்கி இன்னொரு மரத்தின் குழிக்குள் நுழைப்பார்கள்; அந்த நாக்குதான் கழுந்து. கழுந்தில் போடும் ஆணித்துளையை, குழி மரத்தின் துளைக்கு நேராக இல்லாமல் ஒரு மயிரிழை தள்ளிப் போடுவது தச்சர்களின் வித்தை. மர ஆணியை அடிக்கும்போது அது கழுந்தை உள்ளே இழுத்து மூட்டை இறுக்கிவிடும். மூங்கில் குச்சியில் செய்து பார்த்தேன். இரண்டு ஆணி ஒடிந்தன. மூன்றாவது உள்ளே இறங்கியதும் மூட்டு 'க்ளுக்' என்று உட்கார்ந்தது. பசையே போடவில்லை.

சுவருக்கு ஈர்க்குச்சிப் படல் பின்னி, களிமண்ணும் சாணமும் பூசினேன். வீட்டில் சாணத்துக்குப் பலத்த எதிர்ப்பு. காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்தது. வைக்கோலைப் பொடியாக நறுக்கிச் சேர்த்த பிறகு பிடித்துக்கொண்டது.

இரு முனைகளிலும் மாடி முன்னால் துருத்தி நிற்க, நடுக்கூடம் உள்வாங்கியிருக்கும். கூரை மட்டும் நேராக ஓடும். அந்த இடைவெளியில் கூரையைத் தாங்கும் வளைந்த முட்டுகள் இன்னும் பாக்கி. வளைந்த குச்சி தேடிக்கொண்டிருக்கிறேன்.