அப்பத்தாவுக்குப் பின்னால் நின்ற நிழல்

அடுத்த மாதம் பீலிக்கான் கோயிலில் தம்பி மகளுக்குக் காதுகுத்து. படம் எடுக்கும் பொறுப்பு எனக்கு. அதற்காக யாங்கோன் வீட்டில் தினமும் சாயங்காலம் அப்பத்தாவை உட்காரவைத்து ஃபிளாஷ் பழகுகிறேன்.

முதல் நாள் படத்தைப் பார்த்ததுமே அப்பத்தா கேட்டது: "ஏப்பா, எனக்குப் பின்னாடி இன்னொருத்தி நிக்கிற மாதிரி இருக்கே?" உண்மைதான். கேமராவை நெட்டுவாக்கில் பிடித்திருந்தேன். மேலே இருக்கவேண்டிய ஃபிளாஷ் பக்கவாட்டுக்குப் போய்விட்டது. சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் காதோரம் கத்தரித்து ஒட்டியது போல ஒரு கறுப்பு உருவம்.

அகலவாக்கில் எடுத்தவற்றில் வேறொரு தொல்லை. படத்தின் அடியில் அரைவட்டமாக இருட்டு. லென்ஸ் முனையில் மாட்டும் வளையமான ஹூட்டைக் கழற்றினேன், போய்விட்டது. கேமராவோடு சேர்ந்த ஃபிளாஷ் தாழ்வாக இருக்கிறது, 18 மி.மீ.-இல், அதாவது லென்ஸை அகலக் காட்சிக்கு வைத்து, எடுக்கும்போது ஹூட் குறுக்கே நின்று மறைத்திருக்கிறது.

சுவர் நிழல்தான் படுத்தியது. வெளிச்சம் அதிகம் என்று நினைத்து ஃபிளாஷை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்தேன். முகம் மங்கியது, நிழலின் விளிம்பு அசையவில்லை. டிஷ்யூ பேப்பரை மடித்து ஒட்டினேன். அதே கத்தி விளிம்பு. மூன்று சாயங்காலம் இதிலேயே போயிற்று. முகத்திலிருந்து பார்க்கும்போது விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அந்த அளவுக்குத்தான் நிழல் மெத்தென்று விழும். தீப்பெட்டி அளவு விளக்கின்மேல் தீப்பெட்டி அளவு காகிதம் ஒட்டி என்ன பயன்?

அப்புறம் நாற்காலியைச் சுவரிலிருந்து 2 மீட்டர் முன்னால் இழுத்துப் போட்டேன். ஃபிளாஷிலிருந்து முகம் 2 மீட்டர், சுவர் 4 மீட்டர். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்குதான் போய்ச் சேரும். சுவர் இருண்டது, நிழலும் அப்பத்தாவின் தோளுக்குக் கீழே இறங்கி மறைந்தது. ஆனால் நடுராத்திரியில் எடுத்த படம் போல இருந்தது. ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 800, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/60 நொடி என்று வைத்ததும் அறையின் டியூப்லைட் வெளிச்சமும் சேர்ந்துகொண்டது.

பிறகு தலை திரும்பும் ஃபிளாஷ் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன். எங்கள் வீட்டுக் கூரை உயரமான தேக்குப் பலகை. பட்டுத் திரும்பட்டும் என்று மேலே அடித்த வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிட்டது. பக்கத்துச் சுவரில் அடித்தேன். அது பச்சைச் சுவர், கன்னத்தில் பூசியிருந்த தனக்காவும் (பர்மாவில் பூசும் மரப்பட்டைச் சாந்து) பச்சையாகிவிட்டது.

கடைசியில் தாத்தாவின் எட்டு முழ வேட்டியைக் கொடியில் விரித்துப் போட்டு, ஃபிளாஷின் முகத்தை அதன் பக்கம் திருப்பினேன். அந்தப் படத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேனோ! மூக்கடி நிழல் ஓரம் தெரியாமல் தேய்ந்து போகிறது. மூக்குத்தியில் ஒரே ஒரு பொட்டு ஒளி. தனக்காவைத் தடவிய விரல் வரிகள்கூட ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. அப்பத்தா அதைப் பிரேம் போடச் சொல்லிவிட்டது.

கோயிலில் கொடியும் கிடையாது, பிள்ளையும் மாமன் மடியில் அசையாமல் இருக்காது. வேட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர ஆள் வேண்டும். சித்தப்பா மகன் வருகிறேன் என்றிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவனை வைத்து ஒரு ஒத்திகை.