பண்டாரவளையில பூனைங்க வாழுற படக்கூடம்

ஹட்டன்ல இருந்து பதுளை ட்ரெயின்ல ஏறினப்ப அம்மாவுக்கு எங்க போறோம்னு பாதிதான் தெரியும். பண்டாரவளையில ஒரு எடத்துல ரோட்ல கெடந்த பூனைங்கள எடுத்து வளக்குறாங்களாம், புடிச்சா நமக்கும் தருவாங்களாம்னு மட்டும்தான் சொல்லி வச்சிருந்தேன். அது ஒரு ஆர்ட் கேலரி, செவுரு பூரா படம் மாட்டியிருக்கும்னு சொல்லியிருந்தா "அதெல்லாம் நமக்கெதுக்கு மகள், நீ மட்டும் போய்ட்டு வா"ன்னு வீட்லயே நின்னிருப்பாங்க, எங்கம்மாவ எனக்குத் தெரியும்.

ட்ரெயின் பயணத்தப் பத்தி நெறைய பேரு எழுதிட்டாங்க, நான் ஒண்ணு மட்டும் சொல்றேன். நானுஓயா, அம்பேவெல தாண்டி பட்டிப்பொல வரும், இலங்கையிலேயே ஒசரமான ஸ்டேஷன் அதுதான், 6,200 அடிக்கிட்ட. அதுக்கு அப்புறம் ஒரு சுரங்கம் வருது பாருங்க, அதுக்கு இந்தப் பக்கம் பனியும் தூறலுமா இருந்துச்சி, அந்தப் பக்கம் வெளிய வந்தா ஊவா மாகாணத்து வெயிலு பளிச்சுன்னு மூஞ்சில அடிக்குது. அம்மா சால்வைய கழட்டி மடிச்சு பேக்ல வச்சாங்க. கடலை வடை ஒரு சரை வாங்கி சாப்புட்டுக்கிட்டே இதல்கஸ்ஹின்ன, ஹப்புத்தளை எல்லாம் பாத்துட்டு பண்டாரவளையில எறங்கினோம்.

டவுன்ல இருந்து த்ரீவீல்ல கொஞ்ச தூரம். தேயிலத் தோட்டத்துல கணக்கு எழுதுற கிளாக்கர் இருந்த பழைய பங்களா ஒண்ண வாடகைக்கு எடுத்து கேலரியா மாத்தியிருக்காங்க, தகரக் கூரை, முன்னுக்கு நீளமா இஸ்தோப்புன்னு சொல்ற வராந்தா, சிவப்பு சீமெந்து தரை, ஓரத்துல டேலியா பூ. கேட்ட தொறந்து நான் உள்ள போயிட்டேன், திரும்பிப் பாத்தா அம்மா இஸ்தோப்புப் படிக்குக் கீழயே செருப்ப கழட்டிப்புட்டு நிக்கிறாங்க. அவங்க தோட்டத்துல தேயிலக் கொழுந்து எடுத்த காலத்துல கிளாக்கர் வீட்டுக்கு சம்பளக் கணக்கு கேக்கப் போனா அந்தப் படிக்குக் கீழதான் நிக்கணும், உள்ள போற பழக்கமே இல்ல. சர்வீஸ் முடிஞ்சு சேமலாப நிதிப் பணமெல்லாம் வாங்கி எத்தனையோ காலமாச்சு, இருந்தாலும் அந்தக் காலு தானா நிக்கிது. எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சி.

அந்த நேரம் பாத்து உள்ள இருந்து ஒரு செவலப் பூன வால நட்டுக்கிட்டு வந்து அம்மா கால்ல ஒரசிட்டு திரும்ப உள்ள போச்சு. அம்மா அது பின்னாலயே போயிட்டாங்க. படி, வாசப்படி எல்லாம் தாண்டி, யோசிக்கவே இல்ல. கேலரி நடத்துற அக்கா சிரிச்சிக்கிட்டே "வாங்கம்மா, இங்க பாதிப் பேரு இப்பிடித்தான் உள்ள வாறாங்க"ன்னாங்க. அவங்க இந்தப் பக்கத்து ஆளுதான், முந்தி ஸ்கூல்ல சித்திரம் படிப்பிச்சவங்க.

முன் ஹால்ல எனக்கு மொதல்ல கண்ணுல பட்டது, படமெல்லாம் ரொம்ப கீழ மாட்டியிருக்கு. நின்னுக்கிட்டு பாத்தா குனியணும். ஏன்னு கேட்டேன், பூனைகிட்ட வாறவங்க எல்லாம் தரையிலதான் உக்காருவாங்க, உக்காந்தவங்க கண்ணு போற ஒசரத்துலதான் படம் இருக்கணும்னாங்க. எல்லாத்துக்கும் கண்ணாடி போட்ட பிரேம், மேல ரெண்டு, கீழ ரெண்டுன்னு நாலு மூலையிலயும் ஸ்க்ரூ அடிச்சு செவுத்தோட இறுக்கியிருக்காங்க, பூன தாவினாலும் ஆடாது. செவுரு நெடுக படத்துக்கு மேல பலகை அடிச்சு பூனைங்க நடக்க பாத போட்டிருக்காங்க, மூலைக்கு மூல தும்புக் கயிறு சுத்தின கம்பம், நகம் பறாண்டணும்னா அங்க போயிருதுங்க.

ஜார்ஜ் கீற்றோட ஒரு படத்தோட பிரிண்ட் ஒண்ணு நடுவுல இருந்துச்சி. கண்டியில பொறந்தவரு, '43 குழு'ன்னு 1943ல கொழும்புல தொடங்கின ஓவியர் கூட்டத்துல ஒருத்தர், பொரளை கோதமி விகாரையில அவரு வரஞ்ச செவுத்துப் படங்க இன்னமும் இருக்கு. ஆனா நாங்க ரொம்ப நேரம் உக்காந்திருந்தது அதுக்கு முன்னால இல்ல. பக்கத்துல ஒரு தோட்டத்துப் புள்ள ஏ எல் பரீட்சைக்கு சித்திரம் படிக்கிறப்ப வரஞ்ச படமாம், விடியக்காலம் வேலைக்குப் பேர் குடுக்கிற பிரட்டுக்களத்துல பொம்பளைங்க வரிசையா நிக்கிறாங்க, இன்னும் இருட்டு விலகல, சேல நனையாம இடுப்புல படங்கு சுத்தியிருக்கு, முதுகுல கொழுந்துக் கூட தொங்குது. அதுக்குக் கீழ உக்காந்த அம்மா மடியில அந்தச் செவலப் பூன ஏறிப் படுத்துக்கிச்சு. பூன படுத்துட்டா எந்திரிக்க மனசு வருமா? வேற வழி இல்லாம அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரங்கழிச்சு சொல்றாங்க, "இந்தப் புள்ள தோட்டத்துப் புள்ளதான் மகள். கூடக் கயித்த உச்சந்தலையில துணி மடிச்சு வச்சு அதுக்கு மேல போட்டிருக்கு பாரு, சும்மா பாத்து வரையிறவங்க தோள்ல மாட்டி விட்ருவாங்க, அப்பிடி தூக்கினா மத்தியானத்துக்குள்ள தோளு விட்டுப் போயிரும்"னு. அப்புறம் அந்தக் கடைசியில நிக்கிற பொம்பள வாயும் வயிறுமா இருக்கான்னாங்க. நான் அதக் கவனிக்கவே இல்ல, கிட்ட போய்ப் பாத்தா படங்குக்குள்ள வயிறு லேசா தள்ளியிருக்கு. அக்காவும் வந்து பாத்துட்டு, இத்தன நாளு மாட்டி வச்சிருக்கேன் எனக்கே தெரியலம்மான்னு சொல்லி அந்தப் புள்ளைக்கு போன் போட்டுக் கேட்டாங்க, ஆமாவாம், அந்தப் பொம்பள படம் வரஞ்ச புள்ளையோட அம்மாவாம், வயித்துல இருக்கிறது அந்தப் புள்ளதானாம்.

படத்துக்கு முன்னால யாரையும் அவ்வளவு நேரம் உக்கார வைக்க ஒரு பூனையாலதான் முடியும்னு நான் நெசமாவே நம்புறேன். கொழும்புல பெரிய கேலரிங்களுக்கு போயிருக்கேன், ஒரு படத்துக்கு முன்னால ஒரு நிமிசம் நின்னா அதிகம்.

கேலரிக்கும் பூனைக்கும் பழைய சொந்தம் ஒண்ணும் இருக்கு. ரஷ்யாவுல சென் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் மியூசியத்துல, அது அரண்மனையா இருந்த காலத்துலயே, எலித் தொல்ல தாங்காம 1745ல எலிசபெத் மகாராணி கசான் ஊர்ல இருந்து பூனைங்கள கொண்டு வரச் சொல்லி உத்தரவு போட்டாங்க. இன்னைக்கும் அங்க கீழ்த்தளத்துல பூனைங்க இருக்கு, வளக்கிறதுக்கும் குடுக்குறாங்க, ஆனா படம் இருக்கிற ஹாலுக்குள்ள விட மாட்டாங்க. நம்ம தோட்டத்து வரிசை வீடு, அந்த லயத்துலயும் பூன வந்தது எலிக்காகத்தான், எலிக்காய்ச்சல் பயம், அரிசி மூட்டைய ஓட்ட போட்டுரும், அதனால லயத்துல ஒவ்வொரு காம்பரா வீட்டுக்கும் ஒரு பூன. எலி புடிக்கும், மிச்சச் சோறு திங்கும், குட்டி போடும், குட்டிங்கள சாக்குல கட்டி டவுனு மார்க்கெட் பக்கத்துல விட்டுட்டு வந்துருவாங்க. இங்க இருக்கிறதுல பாதி அப்பிடி வந்ததுதான்னு அக்கா சொன்னாங்க. பொட்டப் பூன நாலு அஞ்சு மாசத்துலயே சினையாகிரும், ஒம்பது வாரத்துல குட்டி, பால் குடுத்துக்கிட்டு இருக்கிறப்பவே திரும்பவும் சினையாகும். அதனால ஆப்பரேஷன் பண்ணாம பெரிய பூன ஒண்ணையும் அவங்க வெளிய குடுக்கிறதில்ல, குட்டியா எடுத்துட்டுப் போனா வயசு வந்ததும் கொண்டு வரணும்னு கையெழுத்து வாங்குறாங்க. ரேபிஸ் ஊசியும் கட்டாயம், நாய்க்கு மட்டுந்தான்னு நம்ம ஆளுங்க நெனைக்கிறாங்க, பூன கடிச்சாலும் வரும்.

புதுசா வாற பூனைங்கள நேரா ஹாலுக்கு விடமாட்டாங்க, பின்னுக்கு தனி ரூம்ல ரெண்டு வாரம். நாய்ங்களுக்கு வர்ற பார்வோ மாதிரி பூனைங்களுக்கும் ஒரு வைரஸ் இருக்கு, குட்டிங்கள வரிசையா கொண்டு போயிரும், தரையிலயும் துணியிலயும் ஒரு வருசம் வரைக்கும் உசுரோட கெடக்குமாம். அதுனால வாசல்லயே கை கழுவச் சொல்லுவாங்க, தயவுசெஞ்சு கழுவுங்க.

இன்னொண்ணு, பெயின்ட் மணமே இல்ல. ஆயில் பெயின்ட், டர்பன்டைன் ரெண்டையும் அந்த வளவுக்குள்ள விடுறதில்ல, பூன மேல பட்டு நக்கிட்டா செத்தும் போகலாம். யூக்கலிப்டஸ் தைலமும் அப்பிடித்தான். நுவரெலியாவுல இருந்து பூ கொண்டு வாறவங்களுக்கு லில்லி மட்டும் வேணாம்னு சொல்லியிருக்காங்க, லில்லியோட எல, பூ, அந்த மகரந்தத் தூள் கூட பூனையோட கிட்னிய அழிச்சிரும். அப்புறம் பனடோல், அதான் பாரசிட்டமால். லயத்துல பூனைக்கு காய்ச்சல்னா அரைப் பனடோல கரைச்சு வாயில ஊத்துறத சின்னதுல எத்தன வீட்ல பாத்திருக்கேன். மனுசன் ஈரல் பிரிச்சு வெளியேத்துற மாதிரி பூன ஈரலால அத வெளியேத்த முடியாது, அரைக் குளிச கூட கொன்னுரும். இத மட்டுமாவது படிக்கிறவங்க நாலு பேருக்கு சொல்லுங்க.

அம்மாவுக்கு செவலயத்தான் புடிச்சிருக்கும்னு நெனச்சேன், ஆனா அவங்க கண்ணு ஜன்னல்கிட்ட கெடந்த மூணு கலருப் பூன மேல. "மூணு கலருன்னா பொட்டதான்"னாங்க. அக்காவும் அதேதான், கறுப்பா செவலயான்னு முடிவு பண்ற ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, ரெண்டு நிறமும் ஒண்ணா வரணும்னா ரெண்டு எக்ஸ் வேணும், அதனால கிட்டத்தட்ட எல்லாமே பொட்டதான்னு விளக்கினாங்க. அம்மா சும்மா தலையாட்டினாங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச விசயந்தானே. ஆனா இவளுக்கு ஒரு அண்ணங்காரன் இருக்கான், கறுப்பு வெள்ள, ரெண்டும் ஒண்ணாத்தான் திங்கும் ஒண்ணாத்தான் தூங்கும், பிரிச்சுக் குடுக்க மாட்டோம்னு அக்கா சொல்லிட்டாங்க. அம்மா என்னயப் பாத்தாங்க. ரெண்டையும் எடுப்போம்னுட்டேன்.

நான் பயந்த கேள்வி எங்க இருக்கீங்கன்னு கேக்கிறதுதான். லயத்துலன்னு சொன்னா மூஞ்சி மாறுற எடங்க எத்தனையோ பாத்தாச்சு. அக்கா அதுக்கு ஒண்ணுமே காட்டிக்கல, ராத்திரி உள்ள வச்சு கதவ சாத்துவீங்களா, உங்க மலையில புலி நடமாட்டம் இருக்கான்னு மட்டும் கேட்டாங்க. சரியான கேள்வி, தேயிலைக்குள்ள சிறுத்தப் புலி வருது, நாயத் தூக்குது, பூனையவும் விடாது. அதோட ஒரு விசயம் சொன்னாங்க, மலையில கொழுந்து எடுக்கிறப்ப தேயில அடியில குட்டிங்க கெடந்தா உடனே தூக்காதீங்க, தாய் பக்கத்துலதான் இருக்கும், அது காட்டுப் பூனக் குட்டியாவும் இருக்கலாம். இலங்கையில துரும்பன் பூனைன்னு ஒண்ணு இருக்கு, உலகத்துலயே சின்ன காட்டுப் பூனைங்கள்ல ஒண்ணு, பெருசானாலும் ஒண்ணரைக் கிலோதான், அதோட குட்டிய வீட்டுப் பூனைன்னு தூக்கிட்டு வந்துருவாங்க.

அன்னைக்கே கையில தரல. வீட்ட ஒருக்கா வந்து பாத்துட்டுத்தான் கொண்டு வந்து விடுவாங்க. வர்றப்ப அந்தப் பிரட்டுக்களம் படத்த வரஞ்ச புள்ளையையும் கூட்டிட்டு வரச் சொல்லி அம்மா சொல்லிட்டு வந்தாங்க, ரொட்டியும் கட்ட சம்பலும் செஞ்சு வைக்கிறாங்களாம்.

போறவங்க பழைய பேப்பர், கிழிஞ்ச துவாய், கம்பளி எது இருந்தாலும் கொண்டு போங்க, குளிர்ல குட்டிங்களுக்கு அதுதான் முக்கியம். பால் பாக்கெட் வேணாம், பெரிய பூனைங்களுக்கு அது செமிக்காது. போயா நாள்ல, அதான் பௌர்ணமி லீவுல, பூட்டு. அந்த செவல இன்னும் அங்கதான் இருக்கான், ஆறு வயசு, ஆப்பரேஷன், ஊசி எல்லாம் முடிஞ்சது, யாரு உக்காந்தாலும் மடியில ஏறுவான்.