கிட் பீக்கில் ஒரு ஊசிக்காது

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 90 கிலோமீட்டர். கடைசிப் பகுதி முழுக்க மலைப்பாதை. தொஹோனோ ஓதம் பழங்குடி மக்களின் நிலத்தில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கிட் பீக் வானாய்வகம். மலை முழுக்க வெள்ளைக் குவிமாடங்கள். நான் போனது 1962-இல் கட்டிய மெக்மாத்-பியர்ஸ் சூரியத் தொலைநோக்கிக்காக. ஒரு கோபுரம், அதன் உச்சியிலிருந்து சாய்வாக இறங்கும் நீண்ட குழாய். அதில் பெரும்பகுதி தரைக்குக் கீழே ஓடுகிறது.

உள்ளே இருட்டறையில் மேசை மேல் சூரியன் விழுந்து கிடந்தது. முக்கால் மீட்டர் அகலம். ஓரமாக ஒரு கரும்புள்ளி, என் சுண்டுவிரல் நகம் அளவு, லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. இந்த அளவில் நம் பூமி 7 மில்லிமீட்டர்தான் என்றார் வழிகாட்டி. விரலை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

அப்புறம் இங்கே முன்பு எடுத்த ஓர் அகச்சிவப்பு நிறமாலைப் பதிவை, அதாவது புள்ளியின் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த படத்தை, திரையில் காட்டினார். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இரும்பு அணு ஒளியை உறிஞ்சுவதால் 1564.8 நானோமீட்டர் அலைநீளத்தில் விழும் கருங்கோடு மேலிருந்து ஒற்றையாக வருகிறது. புள்ளியின் கருமையான நடுப்பகுதியில் இரண்டாகப் பிரிந்து, கீழே மறுபடி சேர்கிறது. அச்சு அசல் ஊசியின் காது.

காந்தப்புலம் கோட்டைப் பிரிக்கும் என்பதை வைத்துத்தான் 1908-இல் வானியலாளர் ஹேல், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில், புள்ளிகளில் காந்தம் இருப்பதைக் கண்டார். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பிரிவு மிகச் சிறியது, பல சமயம் கோட்டின் தடிமனுக்குள்ளேயே மறைந்துவிடும். பிரிவு அலைநீளத்தின் இருமடியாக வளர்கிறது. கோட்டின் அகலமோ அலைநீளத்தின் அளவுக்கே வளர்கிறது. அதனால் அகச்சிவப்பில் இரண்டும் தெளிவாக விலகி நிற்கின்றன. இடைவெளியை அளந்தால் போதும், புலத்தின் வலிமை நேரடியாகக் கிடைத்துவிடும். இந்த எளிமைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

சூரிய ஆய்வாளர்கள் வில்லியம் லிவிங்ஸ்டனும் மேத்யூ பென்னும் இதே கோட்டை வைத்து ஆண்டுக்கணக்காகப் புள்ளிகளை அளந்தார்கள். 1998-க்குப் பின் காந்தப்புலத்தின் சராசரி வலிமை ஆண்டுக்குச் சுமார் 50 காஸ் (புல வலிமையின் அலகு) குறைவதாகக் கண்டார்கள். 1,500 காஸுக்குக் கீழே போனால் கரும்புள்ளியே உருவாகாது. அதனால் புள்ளிகள் மறைந்துவிடுமோ என்ற கேள்வியும் எழுந்தது. மறையவில்லை, சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை புள்ளிகள் கூடிக் குறையும் அடுத்தடுத்த சுழற்சிகளிலும் வந்தன. ஆனாலும் அந்தப் பொறுமையான அளவீடு வீண் என்று நான் நினைக்கவில்லை.

சரி, நாமும் அளப்போமே என்று அளவுகோல் கேட்டேன். திரையில் இரு கோடுகளுக்கும் நடுவே 1.7 ஆங்ஸ்ட்ராம், அதாவது 0.17 நானோமீட்டர். குறிப்பேட்டில் கணக்குப் போட்டேன்: சுமார் 2,500 காஸ். பூமியின் புலம் அரை காஸ்.