கையெழுத்துல நட்சத்திரம் வச்ச ஜூடித்

டச்சு ஓவியம்னாலே ரெம்ப்ராண்ட், வெர்மீர்னு ரெண்டு பேர சொல்லிட்டு எந்திரிச்சு போயிடுறோம். எனக்கு அந்தக் கூட்டத்துல ரொம்பப் பிடிச்சது ஜூடித் லேஸ்டர். 1609ல நெதர்லாந்துல ஹார்லெம்ங்கற ஊர்ல பொறந்தவங்க, அப்பா துணி வேலைய விட்டுட்டு பீர் காய்ச்சப் போய் திவாலானவர்.

அவங்க 1631ல வரஞ்ச ஒரு படம் ஹேக் நகரத்து மியூசியத்துல இருக்கு, ஒரு அடி உயரம்தான் இருக்கும். விளக்கு வெளிச்சத்துல ஒரு பொண்ணு தச்சுட்டு இருக்கா, பின்னாடி ஒருத்தன் அவ தோள்ல ஒரு கைய வச்சுகிட்டு இன்னொரு கையில காச நீட்டுறான். அவ நிமிந்து கூட பாக்கல, கண்ணு முழுக்க ஊசியிலதான். அந்தக் காலத்து ஆம்பளைங்க இதே மாதிரி சீன் வரஞ்சா பொண்ணு பல்ல காட்டி சிரிச்சுட்டு இருப்பா, இங்க பாருங்க, அவன் ஒரு ஆளே இல்லங்கற மாதிரி உக்காந்திருக்கா!

1633ல ஹார்லெம் ஓவியர் சங்கத்துல மெம்பர் ஆனாங்க, பொம்பளைக்கு அங்க இடம் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. மெம்பரானா சொந்தப் பட்டறை போடலாம், பசங்கள சேத்து கத்துக் குடுக்கலாம். அப்படி சேந்த ஒரு பையன் கொஞ்ச நாள்லயே ஃப்ரான்ஸ் ஹால்ஸ் பட்டறைக்கு ஓடிட்டான். ஹால்ஸ்னா ஊர் ஓவியர்கள்லயே பெரிய தலை. அம்மணி சும்மா விடல, 1635ல சங்கத்துல பிராது குடுத்து பையனோட அம்மாகிட்ட இருந்து கேட்டதுல பாதி, 4 கில்டர் (அந்தக் காலத்து டச்சுக் காசு) வாங்கிட்டாங்க, ஹால்ஸுக்கும் 3 கில்டர் அபராதம். பையன பதிவு பண்ணாம வச்சிருந்ததுக்கு இவங்களுக்கும் ஒரு அபராதம் விழுந்துச்சு, அது வேற கதை.

அடுத்த வருஷம் யான் மோலனார்ங்கற ஓவியரோட கல்யாணம், அஞ்சு பிள்ளைங்க, அப்புறம் வரஞ்சதே கொஞ்சம். 1643ல வரஞ்ச துலிப் பூ படம் மாதிரி ஒண்ணு ரெண்டுதான் தேறுது. வீட்டு கணக்கு வழக்கு, புருஷனோட வியாபாரம்னு போயிருக்கும்னு நெனக்கிறேன், எந்த ஊர்லயும் இதே கததான் போல. 1660ல இறந்துட்டாங்க. புருஷனும் போனதுக்கப்புறம் எடுத்த சொத்துப் பட்டியல்ல சில படத்துக்கு எதிர்ல "இறந்தவரோட மனைவி வரஞ்சது"ன்னு எழுதியிருக்கானுங்க, பேரே இல்ல.

அப்புறம் ரெண்டு நூறு வருஷத்துக்கும் மேல இவங்க படமெல்லாம் ஹால்ஸ் படம்னு கைமாறிட்டு இருந்துச்சு. 1890கள்ல லண்டன்ல ஒரு வியாபாரி ஹால்ஸ்னு நம்பி பெரிய விலை குடுத்து ஒரு படம் வாங்குறார், ஆணும் பொண்ணும் குடிச்சுட்டு ஜாலியா இருக்கற படம். உத்துப் பாத்தா ஓரத்துல ஜே, எல் ரெண்டும் பின்னிக்கிட்டு பக்கத்துல ஒரு குட்டி நட்சத்திரம், ஜூடித் லேஸ்டரோட கையெழுத்து. கேஸ் கோர்ட்டுக்கே போச்சு. கேஸ் போட்டவங்களுக்கு "அட, யாருய்யா இந்தக் கை?"ன்னெல்லாம் தோணல, ஹால்ஸ் இல்லன்னா விலை போகாதேங்கற கவலைதான். 1893ல ஹோஃப்ஸ்டெட டெ க்ரோட்ங்கற ஆராய்ச்சியாளர்தான் அந்த நட்சத்திரத்த வச்சு இவங்களோட மத்த படங்களயும் தேடி எடுத்தார். அந்த கோர்ட்டு படம் இப்ப பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல ஜூடித் பேர்லயே தொங்குது.