தம்பியோட மெடிக்கல் சீட்டு: கோத்தகிரி நாட்குறிப்பு

ஜூலை 6, ஞாயிறு

தம்பிய வெளிநாட்டுல டாக்டருக்கு படிக்க அனுப்பச் சொல்லி ஏஜென்ட் வீட்டுக்கே வந்துட்டாரு. கிர்கிஸ்தான், ஜார்ஜியா, ரஷ்யான்னு நோட்டீஸ பரப்பி வெச்சு, நீட்ல குவாலிஃபை ஆனா போதும்மா, ஆறு வருஷத்துல டாக்டர்ங்கிறாரு. ஏழரை லட்சத்துக்கு மேல லோன்னா பேங்க்ல அடமானம் கேப்பாங்க, அப்பா தேயிலைத் தோட்டத்த வெக்க ரெடி. எனக்கு வயித்த கலக்குது.

ஜூலை 9

என்எம்சி, அதான் தேசிய மருத்துவ ஆணையம், 2021ல போட்ட விதிய படிச்சேன். படிப்பு கொறஞ்சது 54 மாசம், அங்கயே 12 மாசம் இன்டர்ன்ஷிப், அந்த நாட்டுல டாக்டரா பதிவு பண்ற தகுதியும் இருக்கணும், அப்புறம் இங்க வந்து, வெளிநாட்டுல டாக்டருக்கு படிச்சவங்களுக்கு வெக்கிற எஃப்எம்ஜிஇ பரீட்சை எழுதி பாஸாகி மறுபடி 12 மாசம் இன்டர்ன்ஷிப், எல்லாமே சேந்ததுலருந்து பத்து வருஷத்துக்குள்ள. எஃப்எம்ஜிஇல 300க்கு 150 எடுக்கணும், 2024 ஜூன்ல அஞ்சுல ஒருத்தர்தான் தேறுனாங்க. ஏஜென்ட் இத பத்தி மூச்சே விடல!

ஜூலை 13

குன்னூர்ல ஒரு அண்ணன், கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்ல முடிச்சிட்டு வந்து எஃப்எம்ஜிஇக்கு படிக்கிறாரு, தம்பிய கூட்டிட்டு போனேன். பாடம் இங்கிலீஷ்லதான் நடத்துனாங்களாம், ஆனா வார்டுல நோயாளிங்க பேசுறது கிர்கிஸ், ரஷ்யன், எங்க வலிக்குது எப்பலருந்து வலிக்குதுன்னு கேக்கவே பாஷை வராம பின்னாடி வரிசையில நின்னு பாத்துட்டே வருஷம் ஓடிருச்சாம். நம்ம மலையில இருளர், பணியர் ஜனங்களுக்கு இருக்கே சிக்கிள் செல்ங்கிற பரம்பரை ரத்த நோய், அந்த நோயாளி ஒருத்தரக்கூட அங்க பாக்கலன்னாரு. அவரோட புக்கு பூரா செவப்பு மையில கோடு, ஓரத்துல பொடி எழுத்து. தம்பி அதயே பொரட்டிட்டு இருந்தான், பஸ்ல வரும்போது வாயே தொறக்கல.

ஜூலை 14

போறவங்கள குத்தம் சொல்ல மாட்டேன். ஊட்டியில 2022லருந்து கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் 150 சீட்டோட இருக்கு, கட்-ஆஃப் எட்டணுமே, பிரைவேட்ல மேனேஜ்மென்ட் கோட்டா ஃபீஸ் நம்மள மாதிரி குடும்பம் நெனச்சே பாக்க முடியாது. ஆனா 2022ல உக்ரைன்ல படிச்ச புள்ளைங்க சண்டைக்கு நடுவுல பாதி படிப்போட ஓடி வந்தாங்க, கொரோனாவுல சீனாவுல சேந்தவங்க திரும்பப் போக முடியாம வீட்டுல ஆன்லைன் கிளாஸ் பாத்தாங்க. அதையும் யோசிக்கணும்ல.

ஜூலை 20

ஏஜென்டுக்கு ஃபோன் போட்டேன். அங்க படிச்சா அங்கயே பதிவு பண்ணலாம்னு காலேஜ் லெட்டர்ஹெட்ல வாங்கித் தாங்கன்னேன், கேட்டு சொல்றேன்னு வெச்சவருதான். தம்பி நீட்ட மறுபடி எழுத கோயம்புத்தூர்ல ரிப்பீட்டர் பேட்ச் சேர்றேங்கிறான். லெட்டர் கைக்கு வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்து போடாதீங்கப்பான்னு சொல்லிட்டேன். நாளைக்கு ஹாஸ்டல் ஃபீஸ் விசாரிக்கணும்.